மறுநாள் சீட்டு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு என் கைபேசி 'டிங்' என்றது. 'நகரின் பல பகுதிகளில் நாளை தண்ணீர் வராது' என்று ஒரு செய்திச் செயலி அறிவித்தது. எந்தெந்தப் பகுதிகள் என்று தெரிந்துகொள்ள அதை அழுத்தித் திறக்க வேண்டும். என் கணவர் திறக்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய் இரண்டு வாளிகளை நிரப்பினார். பிறகு அண்டா, பிறகு குக்கர், பிறகு மகளின் கல்யாணத்துக்கு வாங்கிப் பரணில் கிடந்த பித்தளை உருளி. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, காரணம் கேட்காமலே தன் குழாயைத் திறந்தார். எட்டு மணிக்குள் எங்கள் கரமனைத் தெருவில் எல்லாக் குழாய்களும் திறந்திருந்தன. ஒன்பது மணிக்குத் தண்ணீர் நின்றது. நாளைக்கு வராது என்று சொன்ன தண்ணீர், இன்றைக்கே வராமல் போனது. மறுநாள் ஜோராக வந்தது. பிடித்துவைக்கத்தான் வீட்டில் காலிப் பாத்திரம் இல்லை. எங்கள் தெரு அந்தப் பட்டியலிலேயே கிடையாது என்பது அதற்கு அடுத்த நாள் தெரிந்தது.

அந்தச் செயலியை நடத்துகிற அலுவலகம் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் இருக்கிறது. அங்கே ஷீபா வேலை பார்க்கிறாள். நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி இரண்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். அவளைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேம், அது டெஸ்ட் பண்ணிட்டுத்தான் போட்டோம்" என்றாள். ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு எழுதுவார்களாம். பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றொன்று. எதை அதிகம் பேர் அழுத்துகிறார்களோ அதுவே நிற்கும்.

"அழுத்தினதுக்கு அப்புறம் அவங்க என்ன செய்றாங்க?" என்று கேட்டேன்.

"அது ட்ராக் பண்றதில்ல மேம்" என்றாள்.

"நாங்க அது ஒண்ணைத்தான் பண்ணினோம்" என்றேன். அது ஓரளவுக்குத்தான் உண்மை. அவள் உடனே, "அய்யோ, அதொரு ரைட்டப்பா எழுதித் தரலாமா மேம்? நம்ம டீமுக்கு சர்க்குலேட் பண்ணலாம்" என்று பிடித்துக்கொண்டாள். அப்படி வந்ததுதான் இந்தக் கட்டுரை. திட்டப் போன இடத்தில் வேலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் நாகர்கோவில்காரி. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, முப்பத்தொரு வருடம் ஒரு சின்னத் தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். அலுவலகம் பழவங்காடியில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில். பக்கத்துக் கோவிலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். புதிதாக வந்தவர்கள் ஒவ்வொரு சிதறு காய்க்கும் திடுக்கிடுவார்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். எங்களுக்குச் சொந்த அச்சகம் கிடையாது. பக்கங்கள் மாலை ஆறு மணிக்கு முடிந்து, அச்சாகிற ஊருக்குப் போய்விட வேண்டும். ஆறு மணிக்கு மேல் உலகத்தில் நடப்பது எதுவும் மறுநாள் எங்கள் பத்திரிகையில் வராது. அதனால் ஆறு மணிக்கு மேல் நடக்கப் போவதை நாங்கள் ஐந்தரைக்கே நடத்திவிடுவோம்.

இதைக் கேட்டு ஷீபாவின் ஆட்கள் சிரிக்கலாம். ஒரு முறை, பெரிய கோவிலைச் சுற்றியிருக்கும் கோட்டைக்குள் ஒரு சபாவில் பெரிய வித்வானின் கச்சேரி. அழைப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'இசை மழையில் நனைந்தது கோட்டை' என்று எங்கள் ஆள் ஒருவர் தலைப்பு எழுதினார். வித்வானுக்குக் காய்ச்சல். கச்சேரி நடக்கவே இல்லை. மறுநாள் காலை அவரே போன் செய்தார். எல்லோரும் நடுங்கினோம். அவர் கோபப்படவில்லை. நன்றாகப் பாடியிருக்கிறேன் என்று தெரிகிறது, இன்னும் இரண்டு பிரதி அனுப்ப முடியுமா என்றுதான் கேட்டார்.

இப்படிப்பட்ட இடத்தில் தலைப்புகளுக்குக் கடிவாளம் போட ஒருவர் இருந்தார். செய்தி ஆசிரியர் மகாதேவன் சார். கோட்டை அக்கிரகாரத்துக்காரர். மெலிந்த உடம்பு, முழுக்கை வெள்ளைச் சட்டை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் வாசிப்பார். அப்படியானால் கண்ணாடி எதற்கு என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை. அவர் கண்டுபிடித்த ஏற்பாடுதான் மறுநாள் சீட்டு.

அது எப்படி என்றால், அச்சுக்காகிதத்தை ஸ்கேல் வைத்துக் கால் தாளாகக் கிழித்து ஒரு கட்டு வைத்திருப்போம். சீட்டின் முன்பக்கம் தலைப்பு. பின்பக்கம், அந்தத் தலைப்பை வாசித்த ஒரு ஆள் மறுநாள் மத்தியானத்துக்குள் என்ன செய்வார் என்று எழுத வேண்டும். ஆளுக்குப் பேர் வேண்டும், இருக்கும் இடம் வேண்டும், செய்கிற காரியம் வேண்டும். 'மக்கள்' என்ற சொல் கூடாது. என் முதல் சீட்டில் 'மக்கள் பீதியடைவர்' என்று எழுதியிருந்தேன். சார் கண்ணாடியை ஏற்றினார்.

"என்னம்மா ரோஸ்லின், மக்கள்னு ஒருத்தன் கெடயாது, கேட்டேளா? அவன் எந்தத் தெருவுல இருக்கான்? இதை வாசிச்சுட்டு நாளைக்குக் கார்த்தால என்ன பண்ணுவான்? காப்பி குடிப்பானா, மாட்டானா?"

தலைப்பு சரியென்றால் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு போட்டு, சீட்டை மேசைக் கம்பியில் குத்துவார். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் மேசை ஓரத்துக்கு நகர்த்துவார். அது நகர நகர நமக்கு வியர்க்கும்.

பயிற்சி என்று அவர் கொடுத்ததும் இதுதான். முதல் மூன்று மாதம் என்னைப் பழைய பேப்பர்களைக் கட்டுக் கட்டாக பைண்டு செய்து வைத்திருந்த அறையில் உட்கார வைத்தார். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த தலைப்புகளுக்குக்கூட மறுநாள் சீட்டு எழுத வேண்டும். செத்துப்போன வாசகர்கள் அன்றைக்கு என்ன செய்திருப்பார்கள் என்று தும்மிக்கொண்டே யோசித்தேன். முதல் வாரம் அழுகை வந்தது. இரண்டாம் வாரம் சிரிப்பு வந்தது. மூன்றாம் மாதம் வெளியே வரவே மனசில்லை.

'அலுவலகங்களில் இனி காகிதமே இருக்காது' என்று ஒரு பழைய தலைப்பு. அதற்கு நான் எழுதியது: 'தலைமைக் குமாஸ்தா பரமேசுவரன், இந்தச் செய்தியை அனைவரும் படித்து ஒப்பமிட வேண்டும் என்று நான்கு பிரதி தட்டச்சு செய்யச் சொல்வார்.' 'வெங்காய விலை அடுத்த வாரம் பாதியாகும்' என்ற தலைப்புக்கு: 'கரமனை சுப்புலட்சுமி ஒரு வாரம் வெங்காயம் வாங்க மாட்டாள். தெருவில் யாருமே வாங்க மாட்டார்கள். கடைக்காரரின் மூட்டையில் வெங்காயம் முளைவிடும். அதை மாலையாகக் கட்டி நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஆசிரியருக்குப் போடுவார்.' 'காட்டு யானை நடமாட்டம்: வித்துராவில் யாரும் வெளியே வர வேண்டாம்' என்பதற்கு: 'இதுவரை யானை வந்தது தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்த சுகுமாரன், பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வருவார்.'

எனக்குப் பிடித்தது 'பூமியை நெருங்குகிறது விண்கல். ஆபத்தில்லை' என்பதற்கு எழுதியது. அதில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு, பத்து வருடமாக மனசில் வைத்திருந்ததை எல்லாம் தாசில்தார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். மறுநாளும் ஆபீஸ் இருக்கும். மகாதேவன் சார் அதை வாசித்துவிட்டு, "அப்போ 'ஆபத்தில்லை'ங்கறதை முதல்ல போடணும், இல்லையா?" என்றார். எங்களைப் பொறுத்தவரை அதுதான் பாடம். அப்படிப் போட்டால் 'என்ன ஆபத்து?' என்று கேட்டு நூறு பேர் போன் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை.

வருடங்கள் போகப் போக, சீட்டு எழுதுவதில் எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு விளையாட்டுப் பக்கத்துக்காரர், விளம்பரப் பிரிவு ஆட்கள் எல்லாம் டீயோடு வந்து கம்பியில் குத்தியிருக்கும் என் சீட்டுகளை எடுத்து வாசித்துச் சிரிப்பார்கள். எனக்குப் பெருமை. தலைப்பைவிடச் சீட்டை நன்றாக எழுத ஆரம்பித்தேன். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் நெடுநாளாக மூடிக் கிடந்தது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் அதிகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்தவர்கள். எஸ்டேட் மூடிய பிறகு பாதிப் பேர், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் கிடந்தார்கள். மீதிப் பேர் கீழே இறங்கி, கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போனார்கள். நகரத்தில் 'சாலை' என்று பேர்கொண்ட கடைத்தெருவில் துணி எடுத்துக் காட்டுகிற பெண்களில் நாலைந்து பேர் மலைக்காரிகள். கம்பளிச் சால்வையை விரித்துக் காட்டும்போது மட்டும் அவர்கள் முகம் வேறு மாதிரி ஆகும். அதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எஸ்டேட் பற்றிப் பேச்சுவார்த்தை. எங்கள் நிருபர் ஐந்தரை மணிக்கு போன் செய்தார். "எல்லாம் தீர்ந்தாச்சு மேடம். திங்கள்கிழமை திறக்கும். இனி ஒப்பிடல் மாத்ரம்தான் பாக்கி" என்றார். கையெழுத்து மட்டும் பாக்கி என்றால் எங்கள் கணக்கில் வேலை முடிந்தது என்று அர்த்தம். 'மலை எஸ்டேட் திங்களன்று திறப்பு' என்று தலைப்பு எழுதினேன். முதல் பக்கம், நான்கு பத்தி அகலம். சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பது இது:

'தங்கம்மாள், சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. முதலாளி பேப்பரை உரக்க வாசிக்கக் கேட்டதும், கையிலிருக்கும் சேலையை மடிக்காமல் அப்படியே போடுவாள். போய் வருகிறேன் என்று எல்லோரிடமும் இரண்டு தடவை சொல்லுவாள். பெட்டியின் அடியிலிருந்து கம்பளியை எடுத்து வெயிலில் உதறுவாள். மத்தியான பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வித்துரா வரும்வரை பக்கத்தில் இருப்பவர்களைத் தூங்க விடமாட்டாள்.'

மகாதேவன் சார் தலைப்பைப் பார்த்தார். "கையெழுத்து ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆயிரும் சார். அது மட்டுந்தான் பாக்கி" என்றேன்.

அவர் சீட்டைத் திருப்பினார். வாசித்தார். சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே சிவப்புக் கோடு போட்டுக் கம்பியில் குத்தினார். ஒரு ஆளுக்குத் தீங்கு வருமா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட சீட்டு, நன்றாக எழுதப்பட்டிருந்ததால், தலைப்பைப் பாஸ் பண்ணிக் கொடுத்துவிட்டது. வித்துரா பஸ்ஸில் தங்கம்மாள் பேசிக்கொண்டே போவதை நினைத்து நானும் வீடு வரை சிரித்துக்கொண்டே போனேன்.

கையெழுத்து ஆகவில்லை. கடைசி நிமிடத்தில் ஏதோ ஒரு வரியில் முட்டிக்கொண்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், ஐந்தாம் பக்கத்தில், 'எஸ்டேட் பேச்சு ஒத்திவைப்பு' என்று நாலு வரி போட்டோம். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் பேப்பர் போகாது, சாலையில் கடைகளும் திறக்காது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் சனிக்கிழமைப் பேப்பர், எட்டாக மடித்தது. தோளில் கம்பளி. திருவனந்தபுரத்து மத்தியான வெயிலில் கம்பளியோடு ஒருத்தி நின்றதைப் பார்த்ததுமே எனக்கு என் சீட்டு ஞாபகம் வந்தது.

"இதை எழுதினது ஆரு?" என்றாள்.

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினேன். மகாதேவன் சார் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவள் பேர் பாக்கியம். சாலையில் அருணாசலம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் மூன்று வருடமாக வேலை. புருஷன் இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். கடையின் மேல்மாடியில் ஒரு அறை கொடுத்திருந்தார் அண்ணாச்சி, வேலையோடு அறை, அறையோடு வேலை. சனிக்கிழமை காலை அண்ணாச்சி வழக்கம்போல் தலைப்புகளை உரக்க வாசித்தார். கடை முழுக்கக் கைதட்டியது. அண்ணாச்சியே டீ வாங்கிக் கொடுத்து, ஒரு சேலையும் கொடுத்து, சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்து வழியனுப்பினார். அவள் மகளைப் பள்ளிக்கூடத் தோழி வீட்டில் விட்டுவிட்டு மத்தியான பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை லயத்து வீட்டைக் கழுவினாள். திங்கள்கிழமை எஸ்டேட் வாசலில் பூட்டு தொங்கியது.

"திரும்பி வந்து பாக்குறேன், வேற ஒருத்திய வெச்சாச்சு. ரூமையும் கொடுத்தாச்சு. மகளுக்குப் பரீட்சைக்கு மூணு வாரமாக்கும் இருக்கு. தோழி வீட்ல எத்தனை நாளைக்கு நிக்கும்? அண்ணாச்சிகிட்டே சொன்னா, 'எஸ்டேட் திறந்தாச்சு, பேப்பர்ல வந்துட்டு, நீ என்ன கத விடுத'ங்காரு. பூட்டுனத நான் கண்ணால பாத்தேன் சாரே. பேப்பர் சொல்லுததத்தான் அவரு நம்புதாரு."

கீழே தேங்காய் உடைந்தது. மகாதேவன் சார் எழுந்து, வெள்ளிக்கிழமைச் சீட்டுக் கட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்தார். அதைக் கட்டுக்குள்ளேயே விட்டிருக்கலாம். எனக்காக விட்டிருக்கலாம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முழுவதையும், ஒரு சொல் விடாமல், அவளுக்கு முன்னால் வாசித்தார். தங்கம்மாள், ஜவுளிக்கடை, மடிக்காத சேலை, கம்பளி, மத்தியான பஸ்.

வாசித்து முடித்துவிட்டு, "இது எங்களுக்கு முந்தின நாளே தெரிஞ்சிருந்ததும்மா. வாசிச்சுச் சிரிச்சோம்" என்றார்.

பாக்கியம் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான்தான் எழுதினேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"பேரு மட்டுந்தான் வேற" என்றாள். "பின்னே, ஜன்னலோரம் கிடைக்கல்ல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. இன்றைக்கும் அதை எழுதும்போது சுடுகிறது.

எங்கள் பத்திரிகையில் திருத்தம் என்பது ஏழாம் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் வரும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் புத்திசாலிகள், ராசிபலன் வாசித்தவன் அதற்கு மேல் எதையும் வாசிக்கமாட்டான். நான் மகாதேவன் சாரிடம், முதல் பக்கம் வேண்டும், நான்கு பத்தி வேண்டும், அதே அளவு எழுத்து வேண்டும் என்றேன். அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை. அவர் ஒரு கால் தாளை என் பக்கம் தள்ளினார். முன்பக்கம் எழுதினேன்: 'எஸ்டேட் திறக்கவில்லை, எங்கள் தலைப்பு தவறு.' பின்பக்கம் எழுதினேன்: 'சாலை அருணாசலம் அண்ணாச்சி இதை உரக்க வாசிப்பார். பாக்கியத்துக்கு வேலையும் அறையும் திரும்பக் கொடுப்பார்.' அந்த ஒரு சீட்டில்தான் நான் சிரிக்க எதுவும் எழுதவில்லை.

"நிச்சயமா?" என்றார் சார்.

"தெரியாது சார்."

"முதல் தடவையா உண்மையச் சொல்லியிருக்கேள்" என்று சொல்லிக் கோடு போட்டார். மேலே ஆசிரியரிடம் அவர் என்ன சொன்னார், என்ன கேட்டுக்கொண்டார் என்பது எனக்கு இதுவரை தெரியாது. வெளியே வரும்போது அவர் முகம் சிவந்திருந்தது. தலைப்பு மட்டும் மாறவில்லை.

புதன்கிழமை காலை பாக்கியத்தோடு நானும் கடைக்குப் போனேன். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து, எங்கள் முதல் பக்கத்தை ஏற்கெனவே உரக்க வாசித்து முடித்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு, பருத்த உடம்பு, சாதுவான முகம். என்னை உட்காரச் சொல்லி மோர் வரவழைத்தார்.

"ஒரு சம்சயம் கேக்கட்டா?" என்றார். "சனிக்கிழமை போட்டது தப்புன்னு இன்னைக்குச் சொல்லுதீங்க. இன்னைக்குப் போட்டது தப்புன்னு வாற சனிக்கிழமை சொல்லமாட்டீங்கன்னு என்னவாக்கும் நிச்சயம்?"

என் சீட்டுகளில் எத்தனையோ வாசகர்கள் எத்தனையோ முட்டாள்தனம் செய்திருக்கிறார்கள். ஒருத்தர்கூட இப்படி நியாயமாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

மோரைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து வெள்ளிக்கிழமைச் சீட்டை எடுத்து வாசித்தேன். கடையில் பத்துப் பேராவது இருந்தார்கள். சேலை பார்க்க வந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நடக்காததை நடந்ததா எழுதிட்டேன் அண்ணாச்சி. நடந்தா இவ என்ன செய்வாங்கதையும் எழுதினேன். நடக்காட்டி என்ன ஆவாங்கத மட்டும் எழுதலை. தப்பு என்மேல. இவ பூட்டைப் பாத்தது சத்தியம்" என்றேன்.

அண்ணாச்சிக்கு வேறு சங்கடம். சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி வழியனுப்பிய ஒருத்தியை எப்படித் திரும்ப அழைப்பது? புதிதாக வந்த பெண்ணை நான்காம் நாளே எப்படிப் போகச் சொல்வது? கடைசியில் அந்தப் புதுப் பெண்தான், "ரூம்ல ரெண்டு பேருக்கும் இடமிருக்கு அண்ணாச்சி, அந்தக் குட்டியும் படுக்கட்டும்" என்றாள். அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

"சரி. ரெண்டு பேரும் நில்லுங்க. ஆனா மேடத்துக்கு ஒரு கண்டிஷன். உங்க ஆபீஸ் நம்பரைத் தாங்க. இனி நான் காலைல வாசிக்கும்போ, சம்சயம் வந்தா விளிச்சுக் கேப்பேன். இது நடந்ததா, நடக்கப் போறதான்னு. நீங்க சொல்லணும்."

ஒரு தடவை, இரண்டு தடவை கேட்பார் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடம் கேட்டார். காலை எட்டேகாலுக்கு அலுவலக போன் அடிக்கும், என் வீட்டுக்கு போன் வந்த பிறகு வீட்டில் அடிக்கும். "மேடம், மந்திரி பாலத்தைத் திறந்தாருன்னு போட்டிருக்கு. நடந்ததா, நடக்கப் போறதா?" "நடந்தது அண்ணாச்சி." "வெங்காயம் குறையுமாமே?" "நடக்கப் போறது, அதுவும் சொல்ல முடியாது. இன்னைக்கே வாங்கிருங்க." ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டுவிடுவார், ஏனென்றால் கடை லீவு. அதற்குப் பிறகு நான் எழுதிய தலைப்புகளில் எல்லாம் எனக்கு அந்த எட்டேகால் மணி கேட்கும். மாலை ஐந்தரைக்கு ஒரு நிருபர் 'இனி இது மட்டும்தான் பாக்கி' என்றால், பாக்கி இருப்பதைத்தான் தலைப்பில் போட்டேன். என் தலைப்புகள் சப்பென்று இருப்பதாக அலுவலகத்தில் பேச்சு. சீட்டு வாசிக்க டீயோடு யாரும் வருவதில்லை. மகாதேவன் சார் மட்டும் ஓய்வு பெறுகிற அன்று, அந்த வெள்ளிக்கிழமைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "பத்திரமா வச்சுக்கோங்கோ. அதுல என் கோடும் இருக்கு" என்றார்.

அண்ணாச்சி இப்போது இல்லை. கடையை அவர் பையன் பார்க்கிறான், அவன் வாசிப்பது மலையாளப் பேப்பர். பாக்கியத்தின் மகள் பரீட்சை எழுதினாள், மேலே படித்தாள், இப்போது தெற்கே நெய்யாற்றின்கரைப் பக்கம் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறாள். பாக்கியம் அவளோடு இருக்கிறாள். வேலைக்குப் போக வேண்டியதில்லை. முழங்கால் வலி. மலையில் ஏறி ஒரு நாள் கொழுந்து கிள்ளக்கூட அவளால் முடியாது. லயத்து வீடுகளில் பாதி இடிந்துவிட்டதாகக் கேள்வி. எட்டேகால் மணி போனை அண்ணாச்சிக்குப் பிறகு அவள் எடுத்துக்கொண்டாள். தினமும் இல்லை, எப்போதாவது.

கட்டுரையை இங்கேயே முடித்து ஷீபாவுக்கு அனுப்பலாம் என்றிருந்தேன். நேற்றுக் காலை கைபேசி 'டிங்' என்றது. அதே செயலி. 'பல வருடம் மூடிக் கிடந்த மலை எஸ்டேட் திறக்கிறது?' என்று ஒரு கேள்விக்குறியோடு போட்டிருந்தார்கள். கேள்விக்குறி போட்டால் பொறுப்பு வாசகருடையது ஆகிவிடும் போலிருக்கிறது. அழுத்தித் திறந்து வாசித்தேன். யாரோ ஒருவர், திறந்தால் நன்றாக இருக்கும் என்று எங்கேயோ பேசியிருக்கிறார். அவ்வளவுதான். ஷீபாவைக் கூப்பிட்டால், "நல்லா பெர்பார்ம் பண்ணுது மேம்" என்றாள்.

சரியாக எட்டேகாலுக்குப் பாக்கியம் கூப்பிட்டாள்.

"சேச்சி, எஸ்டேட் காரியம் பாத்தீங்களா? நடந்ததா, நடக்கப் போறதா?"

"ரெண்டும் இல்ல பாக்கியம். சும்மா ஒருத்தர் பேசினது."

"அதானே. நானும் அப்படித்தான் நெனச்சேன். மவளும் சொன்னா, இந்தக் காலோட அங்க போயி நீ என்ன செய்யப் போறேன்னு."

"அதுவும் சரிதானே."

"சரிதான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா சேச்சி, கம்பளிய எடுத்து வெயில்ல போட்டுட்டேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெற்கே கறுத்திருந்தது. "மழை வரும் போல இருக்கு பாக்கியம், எடுத்து உள்ள போடு" என்றேன்.

"வரட்டும் சேச்சி. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்றாள்.